ரஸ்க் சூட்டில் காய்ந்த வளையங்கள்

அன்று காலை மாடியில் இருந்தவர்களின் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் "நானும்தானே இருந்தேன், என்னை ஏன் விட்டாய்" என்று சண்டைக்கு வரக் கூடாது.

இன்ஜினியர் மைதிலி மேடம். மெஷின் பார்க்கும் டில்லிபாபு. என் வீட்டுக்காரி அமுலு. நான், ஏழுமலை. கீழே தெருவில் ஜெனரேட்டர் வண்டிக்குள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிய டிரைவரையும் சேர்த்தால் ஐந்து பேர். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனாலும் கரன்ட் கொடுத்தது அவருடைய வண்டிதான், விட முடியாது.

இடம் தி.நகர், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு ஒல்லித் தெரு. இரண்டு மாடிப் பழைய கட்டடத்தின் தலையில் இரும்புத் தூண் நிறுத்தி, இரும்பு பீம் போட்டு, மூன்றாவது மாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜாக்கெட் தைக்கும் கூடம் வரப்போகிறது என்றார்கள். பீம்களின் முதுகு மட்டும் தெரியும்படி விட்டு, நெளிநெளியாகத் தகரம் விரித்தாகிவிட்டது. அந்தத் தகரத்தின் மேல்தான் மறுநாள் கான்கிரீட் தளம்.

நாள், விஜயதசமி. அதுவரை பல வருடம் அடுத்தவர் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தவன், முதல்முறையாக என் சொந்தப் பெயரில் கான்ட்ராக்ட் எடுத்திருந்தேன். மெஷின் கூட வாடகை. சட்டை மட்டும் சொந்தம்.

மைதிலி மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஸ்டட் எல்லாம் பாஸ் ஆகணும் ஏழுமலை. ஆகலைன்னா கான்கிரீட் கேன்சல். தீபாவளிக் கூட்டம் வந்துட்டா இந்தத் தெருவுக்குள்ள லாரி நுழையாது. ஓனர் அதுவரைக்கும் காத்துண்டிருக்க மாட்டார், வேற கம்பெனியைக் கூப்பிட்டுடுவார். புரியறதா?"

புரிந்தது. புரிந்ததால் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

இந்தப் பத்திரிகையை வளைத்துப் பாருங்கள்

ஸ்டட் என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு: கட்டை விரல் பருமனில், தலை கொஞ்சம் பெரிதாக, குடை விரியாத காளான் மாதிரி ஓர் இரும்பு முளை. பீமின் முதுகில் வரிசையாக நிற்க வைத்து வெல்டிங் செய்வோம். அதன் மேல் கான்கிரீட் கொட்டுவார்கள். முளை உள்ளே புதைந்துபோகும்.

எதற்கு? இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தப் பத்திரிகை, இதை இரண்டு கையால் பிடித்து வளையுங்கள். தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, நாய்க்குட்டி மாதிரி வளையும். அதே தாள்களை நாலாப் பக்கமும் பின் அடித்துவிட்டு வளையுங்கள். அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

பீமும் தளமும் அப்படித்தான். சும்மா ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் அவரவர் பாட்டுக்கு வழுக்குவார்கள். ஸ்டட் அடித்துவிட்டால் இருவரும் ஒரே உடம்பு. மேலே எத்தனை தையல் மெஷின் ஓடினாலும் சேர்ந்து தாங்குவார்கள்.

இதைப் பத்திரிகையை வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மைதிலி மேடம்தான். அன்றைக்கு அவர் வளைத்துக் காட்டியது வேறு பத்திரிகை. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

டப்!

இந்த வேலையை முதன்முதலாக கிண்டியில் ஒரு பெரிய ஷெட்டில் பார்த்தேன். நான் அங்கே கேபிள் இழுக்கும் ஆள். ஒருவன் துப்பாக்கி மாதிரி ஒன்றில் ஸ்டட்டைச் சொருகினான். பீமின் மேல் பீங்கான் வளையம் ஒன்றை வைத்து, அதற்குள் ஸ்டட்டை இறக்கி, விசையை அழுத்தினான். டப்! கண் கூசும் வெளிச்சம். கண் மூடித் திறப்பதற்குள் இரும்பு இரும்போடு ஒட்டிவிட்டது. சுத்தியலால் தட்டியதும் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஸ்டட்டின் காலைச் சுற்றி வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி உருகின இரும்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணமே இல்லாமல் சிரித்தேன். இன்றைக்கும் ஒவ்வொரு டப்புக்கும் உள்ளுக்குள் ஒரு சின்னக் குதியாட்டம்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பணமில்லை, குடும்பச் சூழ்நிலை என்றெல்லாம் பேட்டியில் சொல்வார்கள். எனக்குப் பரீட்சை பயம், அவ்வளவுதான். ஒருநாள் கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டினேன். அது அங்கேயே தொங்கியது. கடைசியில் பார்த்தால், தினமும் பரீட்சை வைக்கிற தொழிலில் வந்து மாட்டிக்கொண்டேன். வேலை ஆரம்பிக்கும் முன் இரண்டு ஸ்டட் அடித்து, இன்ஜினியர் முன்னால் சுத்தியலால் வளைத்துக் காட்ட வேண்டும். வளைந்தால் பாஸ். உடைந்தால் பெயில்.

கவலை என் கூடப் பிறந்தது. பெரும்பாக்கத்துக்கு லாரியில் சாமான் ஏற்றிக் குடிபோன கதையைப் போன வாரம் இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன் அல்லவா, அந்த வீட்டில் இன்றும் காலையில் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வருவேன். எட்டு மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கடைசியில் அமுலு ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் பூட்டைப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பிவிடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்து பூட்டைப் பார்த்துக்கொண்டே போவேன்.

காலொடிந்த ஸ்டட்

விஜயதசமிக்கு வருவோம்.

ஸ்டட் அடிக்கும் அந்தத் துப்பாக்கியை, எங்கள் பாஷையில் கன்னை, தொட்டுக் கும்பிட்டேன். முதல் ஸ்டட்டை இறக்கி அழுத்தினேன்.

டப் வரவில்லை. "புஸ்ஸ்ஸ்... படபடபட" என்று தாளிக்கிற சத்தம். தீப்பொறி நாலாப் பக்கமும் தெறித்தது. வளையம் தானாகவே வெடித்தது.

"மச்சி, இன்னாடா மத்தாப்பு வுட்ற?" என்றான் டில்லிபாபு. அவனும் நானும் பழைய கம்பெனியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். "தீபாவளிக்கு இன்னும் நாள் கீது."

ஸ்டட்டின் காலைச் சுற்றிக் கொலுசு இல்லை. பூச்சி அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மேடம் சுத்தியலை எடுத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினார். ஸ்டட் கழன்று தகரத்தின் மேல் உருண்டு போய், ஓர் ஓரத்தில் நின்றது.

எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை நினைவுக்கு வந்தது.

இன்னொன்று அடித்தேன். அதுவும் புஸ். மூன்றாவதும் அப்படியே. கரன்ட் குறைகிறதோ? டில்லிபாபு மீட்டரைப் பார்த்தான், சரி. எர்த் பிடி தளர்ந்ததோ? இறுக்கித்தான் இருந்தது. பெயின்டர் பீமின் முதுகிலும் பெயின்ட் அடித்துத் தொலைத்தானோ? இல்லை, பளபளவென்று வெறும் இரும்பு. கன் பழுதோ? வாடகைக்காரன் ஏமாற்றிவிட்டானோ? எனக்கு இந்த வேலை வருமா, வராதா? ஒரு நிமிடத்துக்குள் ஊரில் உள்ள எல்லாக் காரணங்களும் என் தலையில் வந்து குந்திக்கொண்டன.

"தொப்பலா வேர்க்குது உனுக்கு. குந்துய்யா" என்றாள் அமுலு.

சந்தன வாசனை

மேடம் அட்டைப் பெட்டியில் இருந்து ஒரு வளையத்தை எடுத்தார். விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏழுமலை, இதுல சந்தன வாசனை வரதே?"

நானும் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அமுலு முன்னால் வந்தாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

"நான்தான் மேடம்! நேத்து ஆயுத பூஜைல்ல? கன்னு, சுத்தியல், கேபுளு எல்லாத்தையும் தொடச்சேன். இந்த வளையலுங்க மட்டும் ஒரே தூசி. எங்க ஊட்டுக்காரு மொத காண்ட்ராட்டு, அழுக்கோட வெச்சிப் படைக்கலாமா? ரெண்டு பக்கெட்டு தண்ணியில ஊற வெச்சி, சீயக்கா போட்டுத் தேச்சி, மொறத்துல காய வெச்சி, ஒண்ணொண்ணுத்துக்கும் சந்தனம் வெச்சேன். குங்குமம் பத்தல. அதான் குங்குமம் இல்ல."

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டான். கீழே ஜெனரேட்டர் உறுமியது.

பீங்கான் வளையம் தண்ணீரைக் குடிக்கும். குடித்த ஈரம் வெல்டிங் சூட்டில் ஆவியாகி, உருகின இரும்புக்குள் புகுந்து ஓட்டை ஓட்டையாக்கிவிடும். அதனால்தான் பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறார்கள். எங்கள் வேலையில் மழைக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டோம், வளையம் நனைவதற்குப் பயப்படுவோம். அப்படிப்பட்ட வளையத்தை என் வீட்டுக்காரி பச்சைக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி தலைக்குக் குளிப்பாட்டியிருக்கிறாள்.

மேடத்தின் உதடு துடித்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டில்லிபாபு சிரித்தான். அமுலு என்னைப் பார்த்து, "இன்னாய்யா, தப்பா பண்ட்டனா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு அது.

"சரி, சிரிச்சாச்சு" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புது வளையம் எங்க கிடைக்கும்?"

கிண்டி எஸ்டேட்டில் சப்ளையருக்குப் போன் போட்டேன். கடை பூட்டு. அவர் குடும்பத்தோடு திருத்தணி மலை ஏறிக்கொண்டிருந்தார். போனில் மூச்சு வாங்குவதே கேட்டது. "நாளை கழிச்சி வாங்க."

டில்லிபாபு ஒரு வளையத்தை கேஸ் டார்ச்சில் காட்டிப் பார்த்தான். பட்டென்று இரண்டாகப் பிளந்தது.

"அப்படி இல்லை" என்றார் மேடம். "நிதானமா காயணும். நூத்தியிருபது டிகிரி, ரெண்டு மணி நேரம். ஓவன் வேணும். பெரிய ஓவன்."

அமுலு சொன்னாள்: "பெரிய ஓவன்னா, பாய் கடைல கீதே மேடம்."

மூன்று சூடு

தேனாம்பேட்டைச் சந்து ஒன்றில் அந்த பேக்கரி. செங்கல் அடுப்பு, விறகுச் சூடு. இக்பால் பாய் குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாக பன்னும் ரஸ்க்கும் போடுகிறது. பழைய சைட்டுக்கு அந்தப் பக்கம் போய்வந்த காலத்தில் அமுலு என் டீக்கு அங்கேதான் ரஸ்க் வாங்குவாள்.

ஆட்டோவில் நானும் அமுலுவும் மேடமும், மடியில் வளைய மூட்டைகள். "சூட்டை நான் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மேடமும் ஏறிக்கொண்டார். டில்லிபாபு சைட்டில் உடைந்த ஸ்டட்டின் அடிகளை கிரைண்டரால் வழித்துக்கொண்டிருந்தான்.

பாய் கல்லாவில் இருந்தார். வெள்ளைத் தொப்பி, புருவத்தில் மைதா.

"வா அமுலு. ரஸ்க்கா?"

"ரஸ்க் இல்ல பாய். இத்த வேக வெக்கணும்."

பாய் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா நைனா இது, முறுக்கா?"

"கல்லு முறுக்கு பாய்" என்றாள் அமுலு. "பல்லு பத்ரம்."

மேடம் விஷயத்தைச் சொன்னார். பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். "டிகிரி எல்லாம் நமக்கு வராதும்மா. நம்ம கிட்ட அடுப்பு ஆற ஆற மூணு சூடுதான். பன் சூடு, பிஸ்கட் சூடு, ரஸ்க் சூடு. இதுல எது?"

"ரஸ்க் சூடுன்னா எவ்வளவு?"

"ஈரம் போவணும், கருகக் கூடாது. அதான் ரஸ்க்கு."

"அப்போ அதான் வேணும்!"

"இப்போ ரஸ்க் சூடுதான். தைரியமா உள்ள தள்ளு."

மேடம் பையில் இருந்து வெப்பம் பார்க்கும் கருவியை எடுத்து அடுப்பின் வாய்க்குள் நீட்டினார். சிவப்புப் புள்ளி செங்கல் மேல் விழுந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இல்லை பாய். இன்னும் பிஸ்கட்ல இருக்கு."

பாய் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அரே, மேடம் நம்ம பாஷைய கத்துக்கினாங்கப்பா!" உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "ஆமா, ஜாஸ்திதான். பேச்சு சுவாரஸ்யத்துல சொல்ட்டேன். டீ சாப்டுங்க, கதவத் தொறந்து வெக்கிறேன்."

ஆளுக்கொரு டீ, பன் பட்டர் ஜாம். நான் பன்னைத் தொடவில்லை. மணியைப் பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதுமாக இருந்தேன். அமுலு என் பன்னையும் சேர்த்துச் சாப்பிட்டாள். மேடத்தின் போன் அடித்தது.

"அம்மா, ஆத்துக்கு வர லேட்டாகும்... பேக்கரில இருக்கேன்... கேக் இல்லம்மா, பீங்கான்... பீங்கான்! பொம்மை இல்லம்மா... கொலுவுக்கு வர மாமி எல்லாரையும் உட்கார வெச்சுண்டு பேசிண்டிரு. சுண்டல் மட்டும் எனக்கு எடுத்து வெச்சுடு."

மறுபடி புள்ளி அடித்தார். "இப்போ ரஸ்க்."

பன் தட்டுகளில் வளையங்களை வரிசை வரிசையாக அடுக்கினோம். நீளக் கரண்டியால் பாய் ஒவ்வொரு தட்டாக உள்ளே தள்ளினார். வாசலில் பன் வாங்க வந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "இது எப்போ ரெடியாவும்? அரை கிலோ எனக்கு எடுத்து வையி பாய்" என்றார். நான் மயக்கம் போடாத குறை. மேடம் சிரிப்பை அடக்கப் பன்னை வாயில் திணித்துக்கொண்டார்.

சுத்தியல்

மாடிக்குத் திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வளையங்கள் கைக்கு வெதுவெதுப்பாக, காய்ந்த சத்தத்தோடு கலகலத்தன. வாடகை மெஷினின் முன்னால் மண்டியிட்டேன். கன்னை இரண்டு தடவை துடைத்தேன். டில்லிபாபு என் தோளைப் பிடித்தான். "பயப்படாத மச்சி. கோணலா அடிச்சிடப் போற."

வளையம் வைத்தேன். ஸ்டட்டை இறக்கினேன். அழுத்தினேன்.

டப்!

தெருவில் ஒரு நாய் குரைத்தது. வளையத்தை உடைத்தேன். கொலுசு! முழு வட்டம், ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. இரண்டாவதும் டப். அதற்கும் கொலுசு.

கொலுசைப் பார்த்து மார்க் போட மாட்டார் மேடம். இரண்டும் ஆறும்வரை காத்திருந்தார். பெரிய சுத்தியலை டில்லிபாபுவிடம் இருந்து வாங்கினார். துப்பட்டாவை இடுப்பில் கட்டினார். ஓங்கி ஓர் அடி. "ணங்" என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஸ்டட் கொஞ்சம் சாய்ந்தது. இன்னோர் அடி. இன்னும் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்தடுத்து ணங், ணங்.

சத்தம் நின்றது.

"கண்ணைத் திறங்க ஏழுமலை."

திறந்தேன். ஸ்டட், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற சம்பந்தி மாதிரி குனிந்து நின்றது. கால் பெயரவே இல்லை. மேடம் முட்டி போட்டு, டார்ச் அடித்து, அடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது. அடுத்ததையும் வளைத்தார். அதுவும் குனிந்தது.

"பாஸ்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. டில்லிபாபு விரலை மடக்கி விசில் அடித்தான். நான் தகரத்தின் மேல் இரண்டு குதி குதித்தேன். "ஏழுமலை, டெக் ஷீட் நசுங்கிடும்!" என்று மேடம் கத்தினார். பீமின் மேல் ஏறி நின்று குதித்தேன்.

"மேடம், மேடம், நான் ஒண்ணே ஒண்ணு அடிக்கட்டா?" என்று அமுலு முந்தானையைச் செருகினாள். மேடம் சுத்தியலைக் கொடுத்தார். ஏற்கெனவே குனிந்து நின்றதை அமுலு ஓங்கி ஒரு போடு போட்டாள். கை அதிர்ந்து சுத்தியல் நழுவியது. ஸ்டட் அசையவில்லை. "இன்னா திமிரு பாத்தியா இதுக்கு!" என்று கையை உதறிக்கொண்டாள். "தலைக்கு ஊத்துன புண்ணியம்!"

அப்புறம் டப், டப், டப். டில்லிபாபு கேபிளை நகர்த்த, அமுலு எனக்கு முன்னால் குனிந்து குனிந்து வளையம் வைத்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே அடித்துக்கொண்டு போனேன். கோலம் போடுகிறவளுக்குப் பின்னால் விளக்கேற்றிக்கொண்டு போகிற மாதிரி. மேடம் ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். மழுங்கலாகக் கேட்ட ஒன்றிரண்டை மட்டும் மறுபடி அடிக்கச் சொன்னார். தெருவிளக்கு எரிவதற்குள் கடைசி ஸ்டட்டும் ணங் என்றது.

விடியற்காலையில் பம்ப்பின் நீளக் கை மூன்று மாடிக்கு மேல் வளைந்து வந்து கான்கிரீட்டைக் கொட்டியது. சாம்பல் குழம்பு மெதுவாகப் பரவி, ஸ்டட்டுகளின் தலைகளை ஒவ்வொன்றாக மூடியது. இனி அவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. நான் கடைசித் தலை முழுகும் வரை நின்று பார்த்தேன். கண் எரிந்தது, தூக்கமில்லாததால்தான்.

ஒரு வருடம்

கான்ட்ராக்ட் என்னிடமே இருந்தது. அடுத்த மாடியும் எனக்கே வந்தது.

பில் போட்டபோது ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் அது வழக்கம். போட்ட தளம் ஒரு வருடம் விரிசல் விடாமல் நின்றால்தான் அந்தப் பங்கு கைக்கு வரும்.

"உனுக்கு நல்லதாப் போச்சு" என்றாள் அமுலு. "குந்திக் கவலப்பட ஒரு வருசத்துக்கு மேட்டரு கெடச்சிச்சு."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: அந்தத் தளத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே வரவில்லை. பூட்டைப் பற்றி வருகிறது, சிலிண்டரைப் பற்றி வருகிறது, இந்தக் கட்டுரை நன்றாக இருக்குமா என்று வருகிறது. அதைப் பற்றி வருவதில்லை.

போன மாதம் அமுலு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அங்கே போனோம். வரிசையாக மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அளவு கொடுக்க நின்றவள், தையல்காரப் பெண்கள் எல்லோரும் பார்க்க, கூடத்தின் நடுவில் போய் நின்று தொம் தொம் என்று குதித்தாள். டேபிளில் இருந்த டீ டம்ளரில் அலைகூட எழவில்லை.

"நல்லா கீதுய்யா" என்றாள் மூச்சிரைக்க. "போய் அந்தப் பாக்கியக் கேளு."

கேட்டேன். ஒரு வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறதாம். இருக்கட்டும்.

வர வேண்டிய பாக்கி, பதினோராயிரத்து நானூறு ரூபாய்.